வானொலிச் சோதனை

கொலோனில், ரைன் ஆற்றின் டொய்ட்ஸ் கரையில்
மூன்று நாள் மாநாடு.
கழுத்தில் தொங்கிய அட்டையில் நான் ‘கோகி’.
கோகிலவதனி என்று அடித்தால் எழுத்து பொடிசாகிவிடுமென்று
பதிவுப் படிவத்தில் நானே வெட்டிக் கொடுத்தது.

நாங்கள் இணையப் பெயர்கள் வாங்கி விற்பவர்கள்.
காணித் தரகருக்குக் காலடியில் மண்ணாவது இருக்கும்.
எங்களுக்கு ஒரு சொல், ஒரு புள்ளி,
வருடம் தவறாமல் கட்டும் வாடகை.
என்னிடம் அறுநூற்றுப் பன்னிரண்டு.
விலைபோகக் கூடியது ஒன்பது.
மிச்சம் நப்பாசை.

சாம்பல் நிறக் கோட்டு இரவல்.
உள்பையில் தையல் விட்டிருந்தது தெரியாமல் போட்ட
வணிக அட்டைகளெல்லாம்
துணிக்கும் உள்துணிக்கும் நடுவே இறங்கி
நடக்க நடக்க இடுப்பில் தட்டின.

முதல் அமர்வு: ‘நம்பிக்கையே நமது மூலதனம்.’
பேசியவர் லோத்தார் பிரெங்கெல்.
திருட்டுப் பெயரை வாங்காதீர்கள்,
அடுத்தவர் பெயரில் குந்தியிருக்காதீர்கள்,
வெளியுலகம் நம்மைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறது,
சட்டைக் காலர் முதல் கையெழுத்து வரை
துப்புரவாயிருங்கள் என்றார்.
குறிப்பெடுத்தேன். கைதட்டினேன்.
மனதாரத்தான்.

இரவு, பியர்க்கடை.
இங்கே கிளாஸ் ஒரு சாண்கூட வராது.
காலியானால் கேளாமலே அடுத்தது வரும்.
போதுமென்றால் அட்டையால் வாயை மூட வேண்டும்,
கிளாஸின் வாயை.
அந்த அட்டை விளிம்பில்தான் பரிசாரகர்
பென்சிலால் கணக்குக் கோடு கீறிக்கொண்டு போவார்.
பிரெங்கெலுக்குப் பதினொரு கோடு.
பன்னிரண்டாவதில் அந்தக் கையைப் பிடித்தார்.

உன் பெயர் என்ன?
தெக்லெபிரஹான்.
என்ன?
தெக்லெபிரஹான்.
ரேடியோவில் கேட்டு எவனாவது எழுதுவானா இதை?
பத்து யூரோ தரலாம், அதுவும் பாவம் பார்த்து.

மேசை முழுக்கச் சிரித்தது.
நானும்.
அரைச் செக்கன் பிந்தி,
ஆனால் நானும்.
என் ஒன்பதில் ஒன்றுக்கு
நாலாயிரம் தருவதாய் மத்தியானம் சொல்லியிருந்தார்.

அந்த மனிதர் கையை விடுவித்துக்கொண்டு
கோட்டைக் கீறி முடித்தார்.
கோடு நேராகத்தான் இருந்தது.

விடியக் காலை எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல்:
மாலை நிகழ்வின் படங்களைப் பொதுவில் இட வேண்டாம்,
துறையின் மதிப்புக் கருதி.
யாரும் படம் எடுத்திருக்கவில்லை.

உணவுக்கூடத்தில் பிரெங்கெல்
அவித்த முட்டையின் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார்.
மழித்த முகம், நீலக் கழுத்துப்பட்டி.
நாலாயிரத்து இருநூறு, என்றார்.
கைகுலுக்கினேன்.
என் கையிலும் சோப்பு மணந்தது.

நிலையத்துக்குப் பாலத்தால் நடந்தேன்.
கம்பிவலை நெடுகப் பூட்டுகள்,
பூட்டுக்குப் பூட்டு பெயர்கள்,
கடையில் பொறித்தவை, ஆணியால் கீறியவை,
துரு பாதி தின்றவை.
ஒன்றுக்கும் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை.
நீளமான பெயர்கள்
பூட்டின் பின்பக்கமும் சுற்றிப் போயிருந்தன.

ரயில் பிந்தும் என்றது பலகை.
சும்மாதான் கைபேசியில் தட்டினேன், அவர் பெயரை.
‘எச்’ வருமா வராதா,
‘கே’யா, ‘சி’யும் ‘கே’யுமா,
இரண்டு முறை பிழைத்தது.
கோட்டு உள்துணிக்குள் கைவிட்டுத் துழாவி
அவருடைய அட்டையை எடுத்துப் பார்த்து எழுதினேன்.

காலியாக இருந்தது.
முப்பது வருடம் பெயர் விற்றவர்
தன்னுடையதை வாங்க மறந்திருக்கிறார்.

ஏழு யூரோ தொண்ணூறு சதம்.
கூடையில் போட்டேன்.
பதினைந்து நிமிடம் உங்களுக்காக வைத்திருப்போம், என்றது திரை.
அடுத்தவர் பெயரில் குந்தியிருக்காதீர்கள், என்றது
மடியில் விரிந்திருந்த என் கையெழுத்து.
பதினான்கு.
வாங்குபவரின் முழுப்பெயர், சட்டப்படி உள்ளவாறு.
கோ, கி, ல என்று தொடங்கினேன்.
அத்தனை எழுத்தும் கொள்ள
இடமிருந்தது பெட்டியில்.
பன்னிரண்டு.
தூரத்தில் ரயில் வெளிச்சம்.
பதினொன்று.